ஹைலக்ஸ்: ஆஃப்செட் 0 வீலில் 265/70 ஆர்17 உரசுகிறது, எதை மாற்றலாம்?

வண்டி 2022 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 4×4, கோவை. கம்பெனி வீல் 18×7.5 (அங்குலத்தில் விட்டம்×அகலம்), ஆஃப்செட் +30 (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பதியும் முகம் எத்தனை மிமீ வெளிப்பக்கம் என்பது; இது குறைந்தால் வீல் வெளியே தள்ளும்), டயர் 265/60 ஆர்18. இரண்டு மாதம் முன்பு 17×8.5, ஆஃப்செட் 0 வீலும் 265/70 ஆர்17 டயரும் மாட்டினேன். பிசிடி (போல்ட் எண்ணிக்கையும் போல்ட் வட்டத்தின் விட்டமும்) 6×139.7, அதில் சிக்கல் இல்லை. லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் கிட்) போடவில்லை.

ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் முன் டயரின் வெளித்தோள் லைனரின் (வீல் வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) பின்பக்கம் உரசுகிறது. கணக்குப்படி வீலின் வெளி விளிம்பு 43 மிமீ வெளியே வந்துவிட்டது, டயர் விட்டமும் 775-லிருந்து 803 மிமீ. போதாக்குறைக்கு, குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறுகிறது.

மட்ஃபிளாப்பைக் கழற்றியாயிற்று. லைனரை ஹீட் கன்னால் சூடாக்கி அழுத்தியும் பார்த்தேன். அலைன்மென்டில் காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் முன்-பின் சாய்வு; கூட்டினால் டயர் சற்று முன்னே நகரும்) கூட்டியதில் இடதுபக்கம் மட்டும் நின்றது, வலதுபக்கம் அப்படியே. (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே போடும் ஸ்பேசர் சொல்லாதீர்கள், அது இன்னும் வெளியேதான் தள்ளும்.)

இப்போது 17×8, ஆஃப்செட் +20 வீல் கிடைக்கிறது. வெளி விளிம்பு இப்போதுள்ளதைவிட 26 மிமீ உள்ளே போகும்; உள்பக்கமும் கம்பெனி வீலைவிட 4 மிமீ கூடுதல் இடம் இருக்கும்.

இதே டயரோடு +20 மாட்டி, லிஃப்ட் இல்லாமல் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: முழு ஒடிப்பில் உரசாமல் இருக்கிறதா, இல்லை 265/65 ஆர்17-க்கு இறங்கியே ஆகணுமா?