முதல் எல்க் வேட்டை: கையில் இருக்கும் 6.5 போதுமா, .300 மேக்னம் வாங்கணுமா?

செந்தில் (அரோரா, கொலராடோ)

வணக்கம். அக்டோபர் கடைசியில், இரண்டாவது ரைபிள் சீசனில், என் முதல் எல்க் (பெரிய காட்டு மான்) வேட்டை. குலுக்கலில் பெண் எல்க் டேக் (சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) விழுந்திருக்கிறது. இடம் பிளாட் டாப்ஸ், மீக்கர் ஊருக்குக் கிழக்கே மலையேற வேண்டும். கூடாரம் போடும் இடமே பத்தாயிரம் அடிக்குப் பக்கம். கூட வருபவர் அலுவலக நண்பர், பதினைந்து வருடமாகப் போகிறவர்.

என்னிடம் இருப்பது 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் ரைபிள். இரண்டு வருடமாக அட்டையில்தான் சுட்டிருக்கிறேன், 140 கிரெயின் (குண்டின் எடை அளவு) போட்டித் தோட்டா. போன வாரம் கடையில் கேட்டபோது, "இது மானுக்குச் சரி, எல்க்குக்குப் பத்தாது, .300 வின்செஸ்டர் மேக்னம் எடுத்துக்கொள்" என்றார்கள். அது இன்னும் பலமான தோட்டா. ரைபிள், ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்ந்தால் 1,500 டாலரைத் தாண்டுகிறது. பணம்கூடப் பரவாயில்லை. ஒரு உயிரை அரைகுறையாகக் காயப்படுத்திவிட்டு வீடு திரும்பக் கூடாது, அதுதான் என் கவலை.

மலைராசா

கடையில் சொன்னது சரி. வாங்குங்கள் தம்பி.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2011-இல் இதே கொலராடோவில் கனிசன் பக்கம் நான் ஒரு ஆண் எல்க்கைத் தொலைத்தேன். தூரம் 240 கெஜம். கையில் இருந்தது உங்களுடையது மாதிரி ஒரு மெல்லிய காலிபர் (குழல் விட்டம்). குண்டு முன்சப்பை எலும்பில் பட்டது, பட்ட சத்தமும் கேட்டது. அது முழங்கால் மடிந்து, மறுபடி எழுந்து, கறுத்த ஃபர் மரக் காட்டுக்குள் போய்விட்டது. இருட்டும்வரை ரத்தத்தைப் பின்தொடர்ந்தேன். ஒரு ஆஸ்பென் மரத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ரத்தம் தேய்ந்திருந்தது. வெள்ளைப் பட்டையில் கையகலத்துக்கு. அதுதான் கடைசித் தடயம். ராத்திரி பனி பெய்தது. அடுத்த இரண்டு நாளும் தேடினேன், கிடைக்கவில்லை.

அந்த மரம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு .300, 180 கிரெயின், வேறு எதையும் தொடவில்லை. ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், பெண்ணே 220 கிலோ பக்கம் வரும். வெள்ளைவால் மானோடு இதைச் சேர்த்துப் பேசாதீர்கள்.

குறிஞ்சி

அண்ணே, உங்கள் வேதனை புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அன்றைக்கு நீங்கள் போட்டிருந்தது எந்த மாதிரி குண்டு?

மலைராசா

நீண்ட தூரப் போட்டிக்கென்று விற்கும் மெல்லிய உறைக் குண்டு. அட்டையில் எல்லாம் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தது, அதனால் அதையே எடுத்துப் போனேன்.

குறிஞ்சி

அப்படியென்றால் அங்கே தோற்றது காலிபர் இல்லை, குண்டு. அந்த வகைக் குண்டு சப்பை எலும்பில் பட்டால் மேலேயே சிதறிவிடும், உள்ளே போகாது. அதே ரகத்தை .300-இல் போட்டு எலும்பில் அடித்திருந்தால் இன்னும் வேகமாகச் சிதறியிருக்கும்.

செந்தில், தோட்டாவையும் குண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். பித்தளைக் குடுவை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. கடையில் எல்லோரும் சண்டை போடுவது அதன் பெயரைப் பற்றி. எல்க்கின் உடம்புக்குள் போவது அந்தச் சின்னக் குண்டு மட்டும்தான். அது விரிய வேண்டும், ஆனால் உடையக் கூடாது. இரண்டு நுரையீரலையும் கடந்து மறுபக்கத் தோல்வரை போக வேண்டும். உங்களிடம் இருக்கும் 140 கிரெயின் போட்டித் தோட்டாவை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. ரைபிளை மாற்றுவதற்கு முன் மாற்ற வேண்டியது அதைத்தான்.

நான் இதுவரை ஆறு எல்க் எடுத்திருக்கிறேன், ஐந்து .270-இல், ஒன்று 6.5-இல். எல்லாம் செம்புக் குண்டு. எதுவும் நூறு கெஜத்துக்கு மேல் ஓடவில்லை.

ரவி (கல்கரி)

குறிஞ்சி சொன்னதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1946-இல் ஜான் நோஸ்லர் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மூஸ் (எல்க்கைவிடப் பெரிய மான்) வேட்டைக்குப் போனார். கையில் .300 எச் அண்ட் எச் மேக்னம், அந்தக் காலத்துப் பெரிய துவக்கு. மூஸின் உடம்பில் சேறு காய்ந்து ஓடு மாதிரி இருந்தது. சன்னம், அதாவது குண்டு, வெளியிலேயே உடைந்து போய் உள்ளே இறங்கவில்லை. அந்த மனுசன் வீட்டுக்கு வந்து, நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்துப் புதிய சன்னம் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் தள்ளிக்கொண்டே போகும். 1948-இலிருந்து விற்பனை. பார்ட்டிஷன் என்ற பெயரில் இன்றைக்கும் கிடைக்கிறது.

மேக்னம் வைத்திருந்தவர்தான் சன்னத்தை மாற்றினார், துவக்கை இல்லை. நான் .30-06-இல் 180 கிரெயின் பார்ட்டிஷன் பாவிக்கிறேன். 1906-இல் வந்த தோட்டா, இங்கே அல்பேட்டாவில் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பயணத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்தால் அப்போது தெரியும் அதன் அருமை.

மலைராசா

குண்டு முக்கியம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதில் எனக்கும் பாடம் இருக்கிறது. ஆனால் "குண்டு சரியாக இருந்தால் எல்லாம் சரி" என்று புதியவரிடம் சொல்வது ஆபத்து.

கணக்கைப் பாருங்கள். குழல் வாயில் 6.5 தருவது சுமார் 2,300 அடி-பவுண்ட் ஆற்றல். .30-06 சுமார் 2,900. .300 மேக்னம் சுமார் 3,500. முதல் தடவை போகிறவருக்கு எல்க் பக்கவாட்டில், வெட்டவெளியில், அசையாமல் நிற்காது. மூச்சு வாங்கும், கை நடுங்கும், அது பாதி திரும்பி நிற்கும், நடுவில் சப்பை எலும்பு இருக்கும். அந்த நேரத்தில் கைவசம் கொஞ்சம் பலம் கூடுதலாக இருக்கட்டும் என்கிறேன். அளவெடுத்துச் செய்த பலம் அனுபவசாலிக்குப் போதும், புதியவருக்குப் போதாது.

குறிஞ்சி

இங்கேதான் நான் முழுக்க மறுக்கிறேன் அண்ணே. புதியவருக்குத்தான் மேக்னம் ஆகவே ஆகாது.

ஒரே எடையுள்ள ரைபிளில் .300 மேக்னம் தோளில் தரும் உதை 6.5-ஐப் போல் இரண்டு மடங்கு. என் கணவரின் முதல் ரைபிள் அதுதான். மூன்றாவது பெட்டி தோட்டாவிலேயே விசையை அழுத்தும் முன் கண் தானாக மூட ஆரம்பித்தது. ஒருநாள் படுத்துச் சுட்டபோது ஸ்கோப் புருவத்தில் அடித்து நாலு தையல். அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போவதையே தவிர்த்தார். வருடத்துக்குப் பத்துத் தோட்டா சுடுகிறவர் கையில் 3,500 அடி-பவுண்ட் இருந்து என்ன பயன்? வயிற்றில் பட்டால் எந்த மேக்னமும் காப்பாற்றாது. அந்த எல்க் எங்கேயோ போய் மறுநாள் செத்துக் கிடக்கும்.

செந்தில் இரண்டு வருடம் ஒரே ரைபிளில் சுட்டிருக்கிறார். விசை எங்கே விடும் என்று அவர் விரலுக்குத் தெரியும். அதை வாங்க எந்தக் கடையும் இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கொலராடோவில் எல்க்குக்கு .24 காலிபருக்குக் குறையக் கூடாது, குண்டு குறைந்தது 85 கிரெயின், விரியும் வகை, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்ட் இருக்க வேண்டும். 6.5 இதையெல்லாம் தாராளமாகத் தாண்டுகிறது. ஸ்வீடனில் நூறு வருடத்துக்கு மேலாக 6.5×55-இல் மூஸ் சுடுகிறார்கள், அது எல்க்கைவிடப் பெரியது.

மலைராசா

ஸ்வீடனை எல்லோரும் இழுக்கிறார்கள், பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே நாய் வைத்துக் காட்டுக்குள் கிட்டத்தில் சுடுகிறார்கள். வழக்கமாகப் போடுவது 156 கிரெயின், கனமான குண்டு. அங்கே சட்டமே மூஸுக்குக் குண்டு 9 கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது, அதாவது 139 கிரெயின். நீங்கள் செந்திலுக்குச் சொல்லும் 6.5 செம்புக் குண்டு 120-லிருந்து 130 கிரெயின். அது அங்கே அந்தச் சட்டத்தில் தேறாது.

குறிஞ்சி

அந்தக் கணக்கு நியாயம்தான். ஆனால் ஈயக் குண்டு உள்ளே போகப் போக எடையை இழக்கும், செம்பு கிட்டத்தட்ட முழு எடையோடு மறுபக்கம் வரும். 127 கிரெயின் செம்பு கடைசிவரை 127-தான். அதற்கு ஒரு குறையும் உண்டு, மறைக்க மாட்டேன்: வேகம் குறைந்தால் விரியாது, ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். நொடிக்கு 2,000 அடி வேகத்துக்குக் கீழே இறங்கும் தூரத்துக்கு நான் சுடவே மாட்டேன்.

நான் செம்புக்கு மாறியது பிள்ளைகளுக்காக. 2008-இல் வட டகோட்டாவில் உணவு வங்கிகளுக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்த மான்கறியில் ஈயத் துகள் இருப்பது தெரிந்து, அந்த அரைத்த கறியைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. ஒரு எல்க் கறி எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடும். கொத்துக்கறியாக அரைத்துக் குழந்தை தட்டில் வைக்கும்போது அந்த நினைப்பு வந்தால் சாப்பாடு இறங்குமா?

புதியவன்_77

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எச்-1பி விசாவில் இருப்பவர் இதற்கெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

குறிஞ்சி

தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாக வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டம். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், அந்தத் தேதியில் அசட்டையாக இருக்காதீர்கள். வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். அப்புறம், 1949 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் இங்கே கொலராடோவில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புச் சான்று வேண்டும்.

ரவி (கல்கரி)

இரண்டு பேரும் கதைக்கிறதில் நடுவழி ஒன்று விடுபடுகிறது. செந்தில் தம்பி, யாரிடமாவது ஒரு .300-ஐ ஒருநாள் இரவல் வாங்கிச் சுடுதளத்துக்குப் போங்கள். மேசையில் வைத்துச் சுட வேண்டாம், மலையில் மேசை இல்லை. 200 கெஜத்தில் காகிதத் தட்டு ஒன்றைக் குத்திவிட்டு, முழங்காலில் இருந்து சுடுங்கள். கூட வருகிறவரைத் துவக்கை நிரப்பச் சொல்லுங்கள். சில தடவை உண்மைத் தோட்டா, சில தடவை மருந்தில்லாத பயிற்சித் தோட்டா, எது உள்ளே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. வெடிக்காத நேரத்தில் குழல் முனை கீழே இடித்தால் உங்கள் உடம்பு உதைக்குப் பயப்படுகிறது. நாங்கள் இங்கே வாதாடுவதை விட அது உண்மையைச் சொல்லும்.

செந்தில் (அரோரா, கொலராடோ)

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று போய் வந்தேன். நண்பரின் .300-ஐயும் என் 6.5-ஐயும் ரவி அண்ணன் சொன்ன மாதிரியே சுட்டேன்.

6.5-இல் முழங்காலில் இருந்து பத்துக்கு ஒன்பது தட்டில் விழுந்தது. .300-இல் முதல் மூன்று நன்றாகத்தான் போயின. அதற்குப் பிறகு பத்தில் ஐந்துதான் தட்டில். ஏழாவது தடவை நண்பர் பயிற்சித் தோட்டாவைப் போட்டிருக்கிறார். நான் விசையை அழுத்தினேன், "டிக்" என்று ஒரு சத்தம், குழல் முனை ஒரு சாண் கீழே போனது. தோளும் முன்னால் குனிந்துவிட்டது. எனக்கே தெரியாமல் இதைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே இந்த வருடம் 6.5-தான். 127 கிரெயின் செம்புத் தோட்டா மூன்று பெட்டி வாங்கிவிட்டேன். எவ்வளவு தூரம்வரை சுடலாம்? 300?

குறிஞ்சி

250. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்க்கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். முதல் குண்டு பட்ட பிறகும் அது நின்றுகொண்டிருந்தால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், மறுபடி சுடுங்கள். விழும்வரை.

மலைராசா

250 இல்லை, 200. பக்கவாட்டில் நின்றால் மட்டும். பின்பக்கம் காட்டி நின்றால், கூட்டமாக நின்று பின்னால் இன்னொன்று இருந்தால், விரலை எடுத்துவிடுங்கள். காத்திருந்தால் திரும்பும், திரும்பாவிட்டால் போகட்டும்.

என் கருத்து மாறவில்லை. அடுத்த வருடம் ஆண் டேக் எடுத்தால், அதற்குள் .30-06-இலாவது பழகிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் குழல் ஒரு சாண் இறங்கியது என்று உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையில் .300-ஐக் கொடு என்று இப்போது என்னால் சொல்ல முடியாது.

செந்தில் (அரோரா, கொலராடோ)

சரி அண்ணே, 200. தூரமானியில் அதற்கு மேல் காட்டினால் ரைபிளைத் தூக்க மாட்டேன், உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

மலைராசா

நல்லது. புதுத் தோட்டாவுக்கு ஸ்கோப்பை மறுபடி சரிபார்த்தீர்களா? போட்டித் தோட்டாவுக்கு வைத்த இடத்தில் செம்பு விழாது. மலைக்குப் போனதும் இன்னொரு தடவை இரண்டு குண்டு சுட்டுப் பாருங்கள், வண்டியில் குலுங்கி வந்த ஸ்கோப்பை நம்பக் கூடாது. 500 சதுர அங்குல ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் இல்லாமல் கூடாரத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

அப்புறம் விழுந்த பிறகுதான் வேலையே. அந்தத் தோல் கம்பளி மாதிரி, சூட்டை விடாது. வெளியே பனி கிடந்தாலும் தொடை எலும்பைச் சுற்றிக் கறி கெட்டுவிடும். உடனே உரித்து, கால்களைத் தனித்தனியாக எடுத்துத் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். கத்தி இரண்டு, தீட்டுவதற்கு ஒன்று. பெண் எல்க் என்பதற்கான அடையாளத்தை ஒரு துண்டில் ஒட்டியபடியே விட்டு வையுங்கள், அதிகாரி கேட்பார்.

ரவி (கல்கரி)

தலைவிளக்குக்குக் கூடுதல் பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. எல்க் பெரும்பாலும் அந்திநேரத்தில்தான் விழும்.