கென்யா ஆய்வு மையத்தில் வேலை: ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்வது?

தேவகோட்டை அம்மான்:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை மகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, மூன்று வருடமாகச் சென்னையில் மருந்துச் சோதனைகளுக்கு டேட்டா பார்க்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். இப்போது கென்யாவில், மொம்பாசாவுக்கு வடக்கே கிலிஃபி என்கிற கடற்கரை ஊரில், கெம்ரி என்ற அந்த நாட்டு அரசு மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மையத்தில் வேலை வந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில்தான் பஞ்சாயத்து.

என் ஆத்தாவுக்கு, அதாவது அவளுடைய ஆயாவுக்கு, 82 வயது. "எங்க அப்பச்சி பர்மாவுக்குப் போனாக, மாமனார் சைகோனுக்குப் போனாக, கொண்டுவிக்கப் போறது நமக்குப் புதுசா? ஆனா இது பச்சைப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பாக்குற இடமாமே, அந்தப் பாவம் நம்ம பிள்ளைக்கு எதுக்கு?" முற்றத்தில் உட்கார்ந்து காலையில் ஆரம்பித்தால் ராத்திரி விளக்கு அணைக்கும்வரை இதே பேச்சுதான். யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய வீடியோவைப் பார்த்ததன் விளைவு.

நான் கணக்கு எழுதுகிறவன், இந்த விஷயம் எனக்குத் தெரியாது. அந்த மையத்தில் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? ஆத்தா கேட்பது நியாயமான கேள்வியா, வெறும் பயமா? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, போகட்டும் விடுங்க" என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம், அதை நானே சொல்லித் தோற்றுவிட்டேன்.

மொம்பாசா ரிட்டர்ன்:

நான் நாலு வருடம் மொம்பாசா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தவன். கெம்ரி 1979ல் ஆரம்பித்த அரசு நிறுவனம். கிலிஃபி மையம் 1989ல் கெம்ரியும், மருத்துவ ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட்டும், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது, அங்குள்ள அரசு ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்கிறது. தனித் தீவு மாதிரி ஒரு ரகசிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

2021ல் என் டிரைவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய கைக்குழந்தையை மலேரியா தடுப்பூசி ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்க ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்தார், அந்தப் பக்கத்துக்காரர்தான். பாயில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கிரியாமா பாஷையில் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார். டிரைவரின் மனைவி கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள் என்பது. (ரத்தத்தை எடுத்து விற்கிறார்கள் என்ற வதந்தி அந்தப் பக்கத்திலும் உண்டு, வாட்ஸ்ஆப்புக்கு ரொம்ப முன்னாலிருந்தே.) வந்தவர் பையிலிருந்து ஒரு டீஸ்பூனை எடுத்துக் காட்டினார். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா, மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சரி என்று எழுந்து போனவர் மூன்றாம் நாள்தான் திரும்ப வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கும்போது, மையத்தைச் சேராத ஒருவர் சாட்சியாகப் பக்கத்தில் இருக்கவேண்டும். ஊர் மக்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் உண்டு, குறை இருந்தால் அவர்கள் வழியாக மையத்தின் காதுக்குப் போகும்.

அந்த ஊசிதான் இப்போதைய ஆர்21. ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது, நம் புனே சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாராவது. நாலு நாடுகளில் சுமார் 4,800 குழந்தைகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மலேரியா ஊசி கிடைக்காத பிள்ளைகளுக்கும் வெறும் தண்ணீரை ஏற்றி அனுப்பவில்லை, வெறிநாய்க்கடி ஊசி போட்டார்கள். டிரைவர் வீட்டம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "எங்க தெருவுக்கு ரெண்டுமே வேணும்" என்றார். காரைக்குடித் தெருக்களை நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அந்தக் கரையில் தேங்காய்ப்பால் சோறு, பிலாவு, சப்பாத்தி எல்லாம் உண்டு. சப்பாத்தியைச் சப்பாத்தி என்றேதான் சொல்கிறார்கள்.

குழந்தை டாக்டர்:

கிலிஃபி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், கடும் காய்ச்சலில் கை கால் சில்லிட்டு, நாடி பலவீனமாக ஒரு பிள்ளை வந்தால் முதல் வேலை சலைனை மடமடவென்று ஏற்றுவது. பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது, நாங்களும் நூறு பிள்ளைகளுக்காவது ஏற்றியிருப்போம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கிலிஃபியில் வேலை பார்த்த கேத்ரின் மெய்ட்லண்ட் என்ற டாக்டரின் குழு கேட்டது. கென்யா, உகாண்டா, டான்சானியா ஆஸ்பத்திரிகளில், ஐ.சி.யூ. வசதி இல்லாத இடங்களில், அப்படி வந்த பிள்ளைகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வேகமாகச் சலைன், இன்னொன்றுக்கு வேகமாக ஆல்புமின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதத்தின் கரைசல்), மூன்றாவதற்கு வேகமாக எதையும் ஏற்றாமல் மற்ற சிகிச்சை எல்லாம். மூன்றாவது பிரிவுப் பிள்ளைகளைத்தான் பலிகொடுக்கிறார்கள் என்று அப்போது என்னிடம் சொல்லியிருந்தால் நானே தலையாட்டியிருப்பேன். நடந்தது நேர்மாறு. 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள், வேகமாக ஏற்றிய இரண்டு பிரிவிலும் நூற்றுக்குப் பத்தரை, ஏற்றாத பிரிவில் 7.3. வெளியிலிருந்து கணக்கைக் கண்காணித்த குழு, 3,600 பிள்ளைகள் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே நிறுத்துங்கள் என்றது. 3,141ல் நின்றது. 2011ல் வெளியிட்டார்கள்.

வயிற்றுப்போக்கில் வற்றிப்போன பிள்ளைக்கு இது பொருந்தாது, அவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. தயவுசெய்து யாரும் அரைகுறையாகப் படித்துவிட்டு டிரிப் போடவேண்டாம் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். சோதனை செய்யாமலே நாங்கள் எல்லாரும் தினமும் சோதனைதான் செய்துகொண்டிருந்தோம், கணக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

பேரு வேண்டாம்:

எல்லாரும் பூமாலை போடுகிறீர்கள், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். 1996ல் நைஜீரியாவின் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஃபைசர் கம்பெனி தன் புது மருந்தைச் சுமார் 200 குழந்தைகளை வைத்துச் சோதித்தது. பெற்றோருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2009ல் கானோ மாநிலத்தோடு 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஆத்தா பயப்படுவது சும்மா இல்லை.

என் அப்பாவுக்கே நடந்தது. சர்க்கரைக்காகப் போன இடத்தில் (பெயர் சொல்லமாட்டேன்) "புது மாத்திரை, இலவசம்" என்று பதினாலு பக்கம் இங்கிலீஷில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து நான் ஃபைலைப் பார்த்துத்தான் அது ஆய்வு என்று எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவருக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை, "என்னைக் கேட்டிருந்தா சரின்னுதானே சொல்லியிருப்பேன்" என்கிறார்.

அதனால் உங்கள் மருமகள் வேலையில் சேருமுன் கேட்கட்டும். ஆய்வில் இருக்கும் பிள்ளைக்கு நடுவில் உடம்பு கெட்டால் செலவு யாருடையது? பாதியில் வேண்டாம் என்று தாய் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வழக்கமான சிகிச்சை குறையாமல் கிடைக்குமா? இதற்கு நேராகப் பதில் வராத இடமென்றால் சம்பளம் எவ்வளவானாலும் வேண்டாம்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, ஆப்பிரிக்காவை விடுங்கள், நம் சென்னையிலேயே நடந்த கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்கவேண்டும், படுக்கை கிடைப்பதே கஷ்டம். 1956ல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் ஆரம்பித்து, ஏழை நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியத்திலும் பாதிப்பேரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்த பிள்ளைகுட்டிகளுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959ல் அதை எழுதிய பிறகு உலகமே மாறியது. அப்புறம் எழுபதுகளில் ஆறு மாத மருந்து போதும் என்று முதலில் காட்டியது கிழக்கு ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகள். எங்கள் அப்பச்சியும் வீட்டிலேயே, ஆல்வீட்டுக்கு (கூடத்துக்கு) பக்கத்து அறையில் படுத்து மருந்து சாப்பிட்டு 79 வயதுவரை இருந்தார்கள். யாரோ முன்பின் தெரியாதவர்கள் சம்மதம் சொன்னதால்தானே?

தேவகோட்டை அம்மான்:

எல்லாவற்றையும் ஆத்தாவுக்கு உரக்க வாசித்தேன். டாக்டர் எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். "அந்தத் தாயிக்கு வாசிச்சுக் காட்டுன தாளை எனக்கும் வாசிச்சுக் காட்டச் சொல்லு" என்று உத்தரவு.

பிள்ளை சம்மதப் படிவத்தின் மாதிரி ஒன்றை எடுத்துவைத்துத் தமிழில் எழுத உட்கார்ந்தாள். யாருக்கு எந்த ஊசி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கித் தீர்மானிக்கும், ஆய்வு முடியும்வரை பெற்றவளுக்கும் சொல்லமாட்டார்கள் என்ற இடத்தில் வார்த்தை கிடைக்காமல் திணறினாள். ஆத்தாதான், "பூக்கட்டிப் பாக்குற மாதிரியா? எந்தப் பொட்டலத்துல எந்தப் பூன்னு எடுக்குற பிள்ளைக்குத் தெரியாதுல்ல" என்றார்கள். அப்படியே எழுதிவிட்டாள்.

பேரு வேண்டாம் அவர்களுக்கு: அந்த இரண்டு கேள்வியையும் மெயிலில் அனுப்பியிருக்கிறாள், பதில் வந்ததும் போடுகிறேன். அதற்குள் ஒன்று, மஞ்சள் காய்ச்சல் ஊசி போடவேண்டும் என்கிறார்களே, அது காரைக்குடியில் கிடைக்குமா?

மொம்பாசா ரிட்டர்ன்:

கண்ட இடத்தில் போட்டால் செல்லாது, அனுமதி பெற்ற மையத்தில்தான் போடவேண்டும். நான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டேன். கிளம்ப பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள், அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடே வைத்துக்கொள்ளட்டும், திரும்பி வரும்போது நம் ஏர்போர்ட்டில்தான் கேட்பார்கள்.