ரீல்ஸ் போடும் வக்கீல்: பெயர் சம்பாதிப்பதா, கேஸ் பிடிப்பதா?

மூணாம்வருஷம்:
பார் கவுன்சிலில் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. மதுரையில் ஒரு சீனியரிடம் இருக்கிறேன். அப்பா வக்கீல் இல்லை, மாமா வக்கீல் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கோர்ட் படி ஏறிய முதல் வக்கீல் நான்தான் (கட்சிக்காரராக ஏறியவர்கள் நிறைய). வாய்தா வாங்குவதும் கேஸ் கட்டு தூக்குவதுமாகக் காலம் போகிறது.

தமிழில் ஒரு நிமிட வீடியோக்கள் போடலாமென்று யோசனை. செக் ரிட்டர்ன், பட்டா மாறுதல், ஜீவனாம்சம், இந்த மாதிரி. கோட்டும் கழுத்துப்பட்டையும் போட்டு, கீழே என் பெயர், போன் நம்பர். "உன்னை நீயே ஒரு பிராண்ட் ஆக்கு" என்று நண்பர்கள் உசுப்பேற்றுகிறார்கள். சீனியருக்குத் தெரிந்தால் ஆபீசை விட்டே துரத்துவார். போடலாமா?

ரீச்_ராஜா:
தாராளமா போடுங்க ப்ரோ. முதல் 3 செகண்டில் ஆளை நிறுத்தணும். "இந்த ஒரு தப்பு செஞ்சா சொத்து போச்சு" என்று ஆரம்பிங்க. தினமும் ஒண்ணு. பயோவில் "98% வெற்றி" என்று போட்டுப் பாருங்க, போன் நிற்காது.

தாமிரபரணி:
98 எங்கிருந்து வந்தது ராஜா? அவர் சொந்தமாக நடத்திய கேஸ் மொத்தமே நூறு இருக்காதே.

மேலமாசிவீதி:
தம்பி, முதலில் அந்தப் பட்டையைக் கழற்றி வையுங்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடங்களில் பட்டையும் கவுனும் அணியக்கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. சடங்கு விழாக்களுக்கு மட்டும் விலக்கு. மொட்டைமாடி ரீல்ஸ் எந்தச் சடங்கிலும் சேராது.

அடுத்தது விதி 36. நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வேலை தேடக்கூடாது. சுற்றறிக்கை, தரகர், நடத்திய வழக்கை ஒட்டிப் பத்திரிகையில் போட்டோ வரச்செய்வது, எல்லாம் அதற்குள் அடக்கம். பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் மட்டும் அச்சடித்துத் தபால் அட்டை அனுப்பிய ஒரு வக்கீலை 1929-லேயே பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டித்தது. உங்கள் வீடியோ தபால் அட்டையை விட அடக்கமானதா?

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2024 ஜூலை 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம், வக்கீல் தொழிலில் பிராண்ட் கலாச்சாரம் சமூகத்துக்குக் கேடு என்றே சொல்லி, இணையதளங்கள் வழியாக விளம்பரம் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2025 மார்ச்சில் நடிகர்களையும் இன்ஃப்ளூயன்சர்களையும் வைத்து விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் ஆஃப் இந்தியா கண்டித்தது. நம் தொழிலைப் பொறுத்தவரை பிராண்ட் என்பது கெட்ட வார்த்தை.

மூணாம்வருஷம்:
சார், அதே 2024-ல்தான் உயர்நீதிமன்ற உத்தரவை ஒட்டி, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கச் சொல்லித் தமிழ்நாடு பார் கவுன்சிலின் சுற்றறிக்கையும் வந்தது. அதை எத்தனை ஆபீஸ் மதிக்கிறது? விளம்பரத் தடை மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

மேலமாசிவீதி:
அது நியாயமான கோபம். அதற்கு மருந்து இதுவல்ல.

நூல்கடை_ஈரோடு:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் வக்கீல் இல்லை. உங்கள் விதிகளெல்லாம் இருக்கட்டும், எங்களை மாதிரி ஆட்கள் வக்கீலை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

எனக்கு 3,40,000 ரூபாய் செக் ஒன்று திரும்பி வந்தது. பக்கத்துக் கடை அண்ணன் கைகாட்டிய வக்கீலிடம் போனேன். பெரிய ஆபீஸ், நாலு குமாஸ்தா. இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, நோட்டீஸ் அனுப்ப வேண்டிய 30 நாள் கெடு தாண்டிவிட்டது. அப்படி ஒரு கெடு இருப்பதே பிறகு ஒரு வீடியோ பார்த்துத்தான் தெரிந்தது. அதை ஒரு மாதம் முன்னால் பார்த்திருந்தால் அவர் மேஜையைத் தட்டியிருப்பேன்.

மேலமாசிவீதி:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது அந்த வக்கீலின் அலட்சியம், விதியின் குற்றமல்ல. இன்னொன்று: 30 நாள் தாண்டியதோடு எல்லாம் முடிந்ததாக யார் சொன்னது? செக்கின் மூன்று மாத ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி பேங்கில் போட்டிருக்கலாம். மறுபடி திரும்பினால் பேங்க் தரும் மெமோவை வைத்துப் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதுவும் தாண்டியிருந்தால் பணத்துக்கு சிவில் வழக்கு இருக்கிறது. அதற்குக் காலவரம்பு பொதுவாக மூன்று வருடம். தேதிகளோடு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

தாமிரபரணி:
மேலமாசிவீதி சார், இப்போது நீங்கள் செய்தது என்ன? முன்பின் தெரியாத ஒருவருக்கு, ஊரே பார்க்கிற இடத்தில், காசு வாங்காமல் சட்டம் சொன்னீர்கள். தம்பி செய்யப்போவதும் இதேதானே, என்ன, முகம் தெரியும்.

குடும்பநலக் கோர்ட் விஷயங்களைப் பற்றிப் பல வருடமாக நானும் எழுதுகிறேன். நம்பர் போடுவதில்லை, ஜெயித்த கேஸ் சொல்வதில்லை, "என்னை அணுகவும்" என்பதே கிடையாது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் பீஸே தேவையில்லை. பெண் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் 1987-ம் வருடச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு, 15100-க்குக் கூப்பிடுங்கள் என்று சொன்னால் போதும். கேஸ் பிடிக்க நினைக்கிறவர் இதைச் சொல்வாரா?

அப்புறம், பிராண்ட் கெட்ட வார்த்தை என்கிறீர்கள். கல்யாண பிளெக்ஸில் மாப்பிள்ளைக்கு மேலே கோட்டோடு நிற்கும் வக்கீல் படம், காரின் நாலு பக்கமும் ஸ்டிக்கர், கோயில் மண்டப டியூப்லைட்டில் "உபயம்: வழக்கறிஞர்", இதெல்லாம் எந்த விதியில் வருகிறது? தாத்தா காலத்துப் பலகை வைத்திருப்பவருக்கு விளம்பரம் தேவையில்லை. தம்பிக்குப் பலகை மாட்டச் சுவரே இல்லை.

மேலமாசிவீதி:
டியூப்லைட் அடி சரியாக விழுந்தது அம்மா. என் பெயரில் ஒன்று இருக்கிறது, அதுவும் எரியவில்லை.

ஆனால் விதி எதற்கு வந்தது என்று பாருங்கள். 1975-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன தபோல்கர் வழக்கு: பம்பாயில் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலிலேயே வக்கீல்கள் காத்திருந்து, வருகிற கட்சிக்காரரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டம் இன்றைக்குப் போனுக்குள் நிற்கிறது. ஜாமீன் பதற்றத்தில் இருப்பவருக்கு, அதிக லைக் வாங்கியவரே நல்ல வக்கீலாகத் தெரியும். சோப்பு சரியில்லை என்றால் அடுத்த மாதம் மாற்றலாம். ஜாமீன் மனு சொதப்பினால் உள்ளே இருப்பது அவர்தான். உங்களை மாதிரி அடக்கமாக எழுதுபவர் ஒருவர் என்றால், ராஜா சொல்கிற 98% ஆட்கள் பத்துப் பேர்.

இன்னொரு விஷயம், நான் இங்கே பெயர் போடவில்லை. அதுதான் வித்தியாசம்.

மூணாம்வருஷம்:
அதுதான் சார் எனக்கு இடிக்கிறது. நீங்கள் சொன்னது தப்பாக இருந்தால் ஈரோட்டு அண்ணன் யாரைப் போய்க் கேட்பார்? பெயர் போட்டுச் சொல்கிறவன்தானே மாட்டிக்கொள்வான்? பெயர் விளம்பரம் மட்டுமல்ல, ஜாமீன் மாதிரியும்தான்.

ரீச்_ராஜா:
செம லைன் ப்ரோ, அதையே கேப்ஷனா வைங்க.

மேலமாசிவீதி:
சரி, அப்படிப் பொறுப்பாகச் சொல்கிறவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்ப்போம். செக் வீடியோவுக்கு எழுதியதை இங்கே போடுங்கள்.

மூணாம்வருஷம்:
"செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அனுப்பி 15 நாளில் பணம் வரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். மேலும் விவரங்களுக்கு..." இதற்குக் கீழே நம்பர்.

மேலமாசிவீதி:
இரண்டாவது வரி தப்பு. 15 நாள் என்பது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து இல்லை. எதிராளி கையில் கிடைத்த நாளிலிருந்து. தபால் போய்ச் சேர ஒரு வாரம் ஆகிறது என்று வையுங்கள். உங்கள் வீடியோவை நம்பி ஒருவர் அந்த ஒரு வாரம் முந்திப் புகார் கொடுப்பார். 15 நாள் முடியுமுன் கொடுத்த புகார் சட்டப்படி புகாரே இல்லை என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபடி புதிதாகப் போட வழி உண்டு, ஆனால் அதற்குள் ஒரு வருடம், இரண்டு வருடம் போயிருக்கும். பத்தாயிரம் பேர் பார்த்த பிறகு இதை எப்படித் திருத்துவீர்கள்?

தாமிரபரணி:
இதில் சார் பக்கம்தான் நான். தம்பி, வீடியோ போடுமுன் யாராவது ஒரு சீனியரிடம் காட்டுங்கள். நம்பரை எடுத்துவிடுங்கள். விதி 36-ல் 2008-ல் செய்த திருத்தப்படி வக்கீல்கள் சொந்தமாக வெப்சைட் வைக்கலாம்: பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு நடத்துகிறார் என்பது. அவ்வளவுதான், பாராட்டுரை எதுவும் கூடாது. நம்பருக்கு அதுதான் இடம்.

மூணாம்வருஷம்:
திருத்திவிட்டேன். கோட் இல்லை, பட்டை இல்லை, நம்பர் இல்லை. பெயர் மட்டும் இருக்கும், அதை விடுவதாக இல்லை. சார், அடுத்தது ஜீவனாம்சம் எழுதியிருக்கிறேன். பார்ப்பீர்களா?

மேலமாசிவீதி:
அதை அந்த அம்மாவிடம் காட்டுங்கள். பட்டா மாறுதல் என்றால் எனக்கு அனுப்புங்கள். நான் இன்னும் இதற்குச் சம்மதிக்கவில்லை, ஞாபகமிருக்கட்டும்.

நூல்கடை_ஈரோடு:
எல்லாம் சரி. என் கேஸுக்கு இப்போது இந்தத் தம்பியைக் கூப்பிட வேண்டும் என்றால் நம்பர் எங்கே?

மூணாம்வருஷம்:
வெப்சைட்டில் போடுவேன் அண்ணே.

நூல்கடை_ஈரோடு:
எந்த வெப்சைட்?

மூணாம்வருஷம்:
அதை இங்கே சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் அண்ணே.