மறு: பாதியில் நின்ற பதிவிறக்கம் – ஒரே சொல் போதுமா?

> எல்லாவற்றையும் 'முழுமையற்ற பதிவிறக்கம்' என்றே எழுதிவிடலாமே. உதவிப் பக்கமும் சுருக்கமாக இருக்கும்.

சுருக்கம்தான், ஆனால் படிப்பவரின் டேட்டா வீணாகும். நடுவில் அறுந்த கோப்பை விட்ட இடத்திலிருந்து இறக்கலாம். அளவு சரியாக இருந்தும் உள்ளே கெட்டுப்போன கோப்பை எத்தனை முறை தொடர்ந்தாலும் சரியாகாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆளுக்கு ஆள் தவறான கட்டளையைத்தான் ஓட்டுவார்கள்.

அறுந்ததற்கு 'எச்சக்கோப்பு' என்பேன். 'வந்த' என்று நிறுத்தினால் 'யார்?' என்று காது காத்திருக்கும், அதுதான் பெயரெச்சம். ஃபயர்பாக்ஸ் '.பார்ட்' என்று வால் ஒட்டி வைக்கும் கோப்பும் அப்படித்தான் மீதிக்காகக் காத்திருக்கிறது. கெட்டதற்கு 'சிதைகோப்பு'. வினைத்தொகை, எனவே ஒற்று மிகாது.

பிரித்தறிவது எளிது. சர்வர் தன் பதிலின் தலைப்பில் சொல்லும் 'கன்டென்ட்-லெங்த்' எண்ணை, அதாவது கோப்பின் முழு அளவை, கையிலுள்ள கோப்பின் பைட் அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் எச்சக்கோப்பு (கட்டளை தட்டி இறக்கும் கருவியான கர்ல் என்றால் பிழை எண் 18 காட்டியிருக்கும்). தொடர, அதே மாதிரிக் கருவியான டபிள்யூகெட்டில் சிறுகோட்டை ஒட்டி சிறிய ஆங்கில 'சி'. கர்லில் சிறுகோட்டை ஒட்டிப் பெரிய 'சி', பிறகு இடம் விட்டு இன்னொரு சிறுகோடு. சர்வர் 206 என்று பதில் சொன்னால் மீதி மட்டும் வருகிறது. 200 என்றால் முதலிலிருந்து அனுப்புகிறது. அப்போது கர்ல் பிழை எண் 33 காட்டி நின்றுவிடும். 416 வந்தால் பெரும்பாலும் கோப்பு ஏற்கெனவே முழுசாக இருக்கிறது, அல்லது சர்வரில் உள்ளதைவிடப் பெரிது.

உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் முழு நகலான ஒரே கோப்பு) 5 ஜிபியைத் தாண்டும். அதை ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் நேராக இறக்கினால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் ஏறாது. இங்கே குறை சர்வரிலோ இணைப்பிலோ இல்லை. வேறு டிஸ்கில் இறக்குங்கள்.

> 'எச்சம்' என்றால் எங்கள் பக்கம் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும் :-)

வரட்டும். வினையெச்சம் நடத்தும்போது வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை.

> அளவு சரி, உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் ஷா256 தொகை மட்டும் பொருந்தவில்லை. சிதைகோப்புதானே?

ஆம், ஆனால் அதில் ஒரு வகை தொடர்ந்து இறக்கியதாலேயே விளைவது. தினமும் புதிதாக வெளியாகும் சோதனைப் பதிப்பான டெய்லி பில்டின் முன்பாதி நேற்றையது, பின்பாதி இன்றையது. டபிள்யூகெட் பைட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மீதியை ஒட்டிவிடும். முன்பாதி அதே கோப்பினுடையதா என்று கேட்காது. இதற்கு 'ஒட்டுக்கோப்பு' என்று தனிப்பெயர் கொடுக்கலாம். அழித்துவிட்டுப் புதிதாக இறக்குவதே நேரம் மிச்சம்.

பதிப்பு ஒன்றேயாகி நடுவில் சில பைட்டுகள் மட்டும் கெட்டிருந்தால் அழிக்க வேண்டாம். அதே ஐஎஸ்ஓவின் டாரன்ட்டை (கோப்பைத் துண்டு துண்டாகச் சரிபார்த்து இறக்கும் முறை) அதற்கான மென்பொருளில் திறந்து, கெட்ட கோப்பை அதே பெயரில் அந்தக் கோப்புறையில் வைத்து, மறுசோதனை கொடுங்கள். பொருந்தாத துண்டுகள் மட்டும் மறுபடி இறங்கும். டெபியன், உபுண்டு இரண்டும் டாரன்ட் தருகின்றன.

சில கேபி மட்டுமே உள்ள 'ஐஎஸ்ஓ' மேற்சொன்ன எதிலும் சேராது. டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் பெரும்பாலும் வைஃபை உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல்தான் இருக்கும். அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.