செவ்வாய்ப்பேட்டை கடையில் ஸ்கேன் போய்ச் சேராத கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு ஜவ்வரிசி, வெல்லம் மொத்த வியாபாரம். கடையில் மூன்று கணினி, நகலும் ஸ்கேனும் எடுக்கிற பழைய மெஷின் ஒன்று. லாரி ரசீதை வைத்து பட்டனை அமுக்கினால் கணக்குப் பார்க்கிற கணினியின் ஷேர் ஃபோல்டரில் போய் விழுந்துவிடும், ஏழெட்டு வருஷமாக அப்படித்தான் ஓடியது. அந்தக் கணினி பழுதாகி புதியது வாங்கிய அன்றோடு நின்றுபோனது. மற்ற இரண்டு கணினியிலிருந்தும் ஃபோல்டர் திறக்கிறது, நெட்வொர்க்கில் கூப்பிட்டுப் பார்க்கிற பிங்குக்கு மெஷின் பதில் சொல்கிறது, ஸ்கேன் மட்டும் போக மாட்டேன் என்கிறது. கேபிள் மாற்றி, கணினியின் பெயருக்குப் பதில் அதன் நெட்வொர்க் முகவரியான ஐபி எண் போட்டு, பாஸ்வேர்டை நாலு தடவை அடித்து அரை நாள் போச்சு. "பழசே நல்லாத்தானேடா இருந்துச்சு" என்று அப்பா வேறு.

விண்டோஸ் கணினிகள் ஃபோல்டரும் பிரிண்டரும் பகிர்ந்துகொள்வது எஸ்எம்பி என்கிற நெட்வொர்க் மொழி வழியாக. 1980களில் ஐபிஎம்மில் தொடங்கியது. விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாவது பதிப்பு, 2012இல் விண்டோஸ் 8 உடன் மூன்றாவது. எங்கள் மெஷினுக்கோ முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பு தொடங்கி, புதிதாக நிறுவும் கணினியில் அந்த முதல் பதிப்புக் கோரிக்கையை வாங்கிக்கொள்ளும் பகுதி தானாக வருவதில்லை. அதனால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

சர்வீஸுக்கு வந்த தம்பி "ஒரு டிக் போட்டா சரியாயிடும்ணா" என்று எஸ்எம்பி 1-ஐத் திறக்கப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டேன். 2017 மே மாதம் வானாகிரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், பரவியது அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகத்தானே. ஒரு கணினிக்குள் நுழைந்தால் போதும், எஸ்எம்பிக்கான நெட்வொர்க் வாசலான 445ஆம் போர்ட்டைத் தட்டிக்கொண்டு அடுத்ததைத் தானே தேடிப் போகும். ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். மூன்று வருஷக் கணக்கு இருக்கிற கணினியில் ஒரு ஸ்கேனுக்காக அதை எதற்குத் திறப்பது?

மெஷின் மெனுவைக் குடைந்ததில், ஃபைல் அனுப்புகிற இன்னொரு பழைய வழியான எஃப்டிபி இருந்தது. கணினியில் சின்னதாக ஒரு எஃப்டிபி சர்வர், அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனி யூசர். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மூடாமல்தான் போகும், அதனால் கடைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன், ரூட்டரில் வெளிவழி எதுவும் திறக்கவில்லை. ரசீது மறுபடி விழுகிறது.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்:
எங்கள் காபி எஸ்டேட் ஆபீஸில் கதை வேறு. மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலே பிரிண்டர் காணாமல் போகும். கணினியில் இருக்கிற பிரிண்டர் டிரைவர் சாஃப்ட்வேரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், பார்த்தால் ரூட்டர் ஒவ்வொரு தடவையும் பிரிண்டருக்கு வேறு ஐபி கொடுத்திருக்கிறது. ரூட்டரிலேயே ஒரு எண்ணை அதற்கென்று ஒதுக்கி, கணக்கெழுதுகிற ரைட்டரின் கணினி வழியாக இருந்த ஷேரிங்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கணினியிலிருந்தும் நேராக பிரிண்டரின் 9100 போர்ட்டுக்கு அனுப்பும்படி வைத்தேன். இப்போது ரைட்டர் லீவு போட்டு அவர் கணினி அணைந்து கிடந்தாலும் கூலிப் பட்டியல் அச்சாகிறது.

அஸ்தம்பட்டியிலிருந்து இன்னொருவர்:
அண்ணா, நான் இரண்டு நாள் அழுதது இதைவிடக் கேவலம். ஷேர் ஃபோல்டர் பாஸ்வேர்டு கேட்டது, தினமும் கணினியைத் திறக்கிற நாலு இலக்க பின் நம்பரையே அடித்துக்கொண்டிருந்தேன். பின் அந்தக் கணினிக்குள் மட்டும்தான் செல்லுமாம், நெட்வொர்க்கில் அக்கவுண்ட் பாஸ்வேர்டுதான் வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு என்னவென்று ஆபீஸில் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.