மதிப்பாக அனுப்பிய ஒப்ஜெக்டின் மூலத் தரவு அழிவது ஏன்? (சி++)

கேள்வி: ஹட்டன் மாணவி

வணக்கம். ஒப்படைக்காக, எங்கள் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலை (தொழிலாளரின் நாளாந்த வேலைப் பதிவேட்டை) சி++ மொழியில் ஒரு சிறிய புரோகிராமாக எழுதி வருகிறேன். "தொழிலாளி" என்ற கிளாஸில் பெயரும், அந்த மாதத்தில் நாள்தோறும் பறித்த கொழுந்தின் நிறையும் இருக்கின்றன. மாதத்துக்கு மாதம் நாட்களின் எண்ணிக்கை மாறுவதால், நிறைகளுக்கான நினைவக இடத்தை, ஒப்ஜெக்ட் உருவாகும்போது இயங்கும் கொன்ஸ்ட்ரக்டரில் நியூ கொண்டு ஒதுக்கி, அது அழியும்போது இயங்கும் டிஸ்ட்ரக்டரில் டிலீட் கொண்டு விடுவிக்கிறேன். கூடையின் நிறையையும் ஈரத்தையும் ஒவ்வொரு நாளிலும் கழித்து மொத்தக் கிலோவைத் தரும் ஃபங்ஷனுக்கு ஓர் ஒப்ஜெக்டை அனுப்பினால் விடை சரியாக வருகிறது. ஆனால் அதன் பின் மூல ஒப்ஜெக்டை அச்சிட்டால் சில நாட்களுக்குப் பொருளற்ற எண்கள் வருகின்றன. மெயின் முடியும்போது "டபுள் ஃப்ரீ" என்று புரோகிராம் நின்றுவிடுகிறது. ரெஃபரன்ஸாக (மூலத்தையே) அல்ல, மதிப்பாகத்தான் (பிரதியாக) அனுப்பினேன். அப்படி அனுப்பினால் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது என்றுதானே படித்தோம்? கொன்ஸ்ட்ரக்டரிலும் டிஸ்ட்ரக்டரிலும் ஒவ்வொரு வரி அச்சிடச் செய்தேன். முதலாவது ஒரு தடவையும் இரண்டாவது இரு தடவையும் வருகின்றன.

பதில்: பதுளை வாசகர்

நீங்கள் கடைசியாகச் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டு ஒப்ஜெக்டுகள் அழிந்தன என்றால் இரண்டு பிறந்திருக்க வேண்டும்; இரண்டாவதைப் பிறப்பித்தது நீங்கள் எழுதாத ஒரு கொன்ஸ்ட்ரக்டர். ஓர் ஒப்ஜெக்டைப் பார்த்து இன்னொன்றைப் பிரதியாக உருவாக்கும் கொப்பி கொன்ஸ்ட்ரக்டரை நாம் எழுதாவிட்டால் கொம்பைலர் தானே ஒன்றை உருவாக்கி, உறுப்பு உறுப்பாகப் பிரதி எடுக்கிறது. பெயர் ஸ்ட்ரிங் வகை என்றால், தன்னை முறையாகப் பிரதி செய்ய அதற்குத் தெரியும். நிறைகள் இருக்கும் இடத்தைக் காட்டும் பொயின்டரின் மதிப்போ வெறும் முகவரி. அந்த முகவரி மட்டுமே பிரதியாகிறது. சாவியை இரண்டாக வெட்டினால் அறை இரண்டாகிவிடாது. ஆகவே உங்கள் ஃபங்ஷன் கழித்ததெல்லாம் மூலத்தின் நிறைகளிலிருந்தே கழிந்தது. ஃபங்ஷன் முடிந்ததும் பிரதியின் டிஸ்ட்ரக்டர் அந்த நினைவகத்தை விடுவித்துவிட்டது. மெயின் முடிவில் மூலத்தின் டிஸ்ட்ரக்டர் அதையே மீண்டும் விடுவிக்க முயல்கிறது.

கொப்பி கொன்ஸ்ட்ரக்டரை நீங்களே எழுதி, அதே அளவில் புதிய இடம் ஒதுக்கி, நிறைகளை ஒவ்வொன்றாகப் பிரதி செய்யுங்கள். அது கொன்ஸ்ட் ரெஃபரன்ஸாகவே (மூலத்தை மாற்ற அனுமதிக்காத ரெஃபரன்ஸாக) ஒப்ஜெக்டைப் பெற வேண்டும். மதிப்பாகப் பெற்றால், அந்த மதிப்பை உருவாக்கவே மறுபடி கொப்பி கொன்ஸ்ட்ரக்டர் தேவைப்படும் என்பதால் கொம்பைலர் அதை ஏற்காது.

பதில்: கொட்டகலை ஆசிரியர்

மேலே சொன்னது சரி, ஆனால் அத்தோடு நிறுத்தினால் இதே கோளாறு வேறு வாசலால் நுழையும். புதிய ஒப்ஜெக்டை அறிவிக்கும் வரியிலேயே சமக்குறி இட்டு இன்னொன்றைக் கொடுத்தால் இயங்குவது கொப்பி கொன்ஸ்ட்ரக்டர். ஏற்கெனவே இருக்கும் ஒப்ஜெக்டுக்குச் சமக்குறியால் கொடுத்தால் இயங்குவது அசைன்மென்ட் ஒபரேட்டர். பின்னதில் இடப்பக்கம் ஏற்கெனவே வைத்திருக்கும் நினைவகத்தையும் விடுவிக்க வேண்டும். ஒப்ஜெக்டைத் தனக்கே கொடுத்தாலும் தரவு அழியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டிஸ்ட்ரக்டர், கொப்பி கொன்ஸ்ட்ரக்டர், கொப்பி அசைன்மென்ட் ஆகிய மூன்றில் ஒன்றை எழுத நேர்ந்தால் மூன்றையும் எழுத வேண்டியிருக்கும் என்று சி++ எழுதுவோர் சொல்வது இதனால்தான். 2011ஆம் ஆண்டின் தரநிலையில் மூவ் வகைகள் (பிரதி எடுக்காமல் உள்ளடக்கத்தை இடம் மாற்றுபவை) இரண்டு சேர்ந்து அது ஐந்தாயிற்று. உங்கள் ஒப்படைக்கு மூன்று போதும்.

ஹட்டன் மாணவி

மிக்க நன்றி. மூன்றையும் எழுதினேன், டபுள் ஃப்ரீ வரவில்லை, நிறைகளும் சரி. ஆனால் இப்போது பிரதியில் பெயர் வெறுமையாக இருக்கிறது. முன்பு பெயர் மட்டும் ஒழுங்காக வந்ததே?

பதில்: பதுளை வாசகர்

கொப்பி கொன்ஸ்ட்ரக்டரை நீங்கள் எழுதிய கணமே கொம்பைலர் கையை எடுத்துக்கொண்டது. உறுப்புகளுக்குத் தொடக்க மதிப்பு தரும் இனிஷியலைசர் பட்டியலில் பெயரைக் குறிப்பிடாவிட்டால் அது பிரதியாகாது. வெற்று ஸ்ட்ரிங்காகவே தொடங்கும். நிறைகளை மட்டும் கவனித்துப் பெயரை விட்டிருப்பீர்கள். நாளை தொழிலாளியின் பதிவு எண்ணை உறுப்பாகச் சேர்த்தால், அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பதில்: நுவரெலியா வாசகர்

நியூ கட்டாயம் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தாலன்றி, நான் நிறைகளை வெக்டரில் (அளவு மாறக்கூடிய பட்டியல் வகையில்) வைப்பேன். வெக்டர் தன் உள்ளடக்கத்தைத் தானே பிரதி செய்து தானே விடுவிப்பதால், மேலே பேசிய மூன்றில் ஒன்றையும் எழுத வேண்டியதில்லை. அதைவிட, மொத்தக் கிலோவைக் கணக்கிடப் பிரதியே எதற்கு? ஒப்ஜெக்டைக் கொன்ஸ்ட் ரெஃபரன்ஸாகப் பெற்று, ஒவ்வொரு நாளின் நிறையிலிருந்தும் கழிவைக் கழித்து உள்ளூர் மாறி ஒன்றில் கூட்டினால், செக்ரோலை எவரும் தொடமாட்டார்கள்.

ஜாவா படிக்கும் நண்பர்கள் இதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம். அங்கே ஃபங்ஷனுக்குச் செல்வது ஒப்ஜெக்டைக் காட்டும் ரெஃபரன்ஸின் பிரதி மட்டுமே. ஒப்ஜெக்ட் ஒன்றாகவே இருப்பதால், ஃபங்ஷனுக்குள் கழித்தால் மூலத்திலும் கழிந்துவிடும். பிரதி வேண்டுமென்றால் நாமே எழுதிக் கேட்டுப் பெற வேண்டும்.

சகோதரி அச்சிட்டு எண்ணும் முறை நல்லதுதான். ஆனால் ஒப்ஜெக்டை ரிட்டர்ன் செய்யும் ஃபங்ஷன்களில் கொப்பி கொன்ஸ்ட்ரக்டரின் வரி வராவிட்டால் திகைக்க வேண்டாம். ரிட்டர்ன் வரியிலேயே உருவாகும் ஒப்ஜெக்டைப் பிரதி எடுக்காமல், அது சேர வேண்டிய இடத்திலேயே கட்ட வேண்டும் என்று சி++17 விதிக்கிறது. பெயரிட்ட உள்ளூர் ஒப்ஜெக்டுக்கு அது கட்டாயம் அல்ல என்றாலும் கொம்பைலர்கள் பெரும்பாலும் அவ்வாறே செய்கின்றன.