41–60 பிரிவுக்குப் பட்டை எவ்வளவு உயரம்?

எட்டாம்வகுப்பு_அம்மா:
வணக்கம். 60 மதிப்பெண் தேர்வு, 40 பிள்ளைகள். 1–10: 4 பேர், 11–20: 7, 21–30: 12, 31–40: 9, 41–60: 8. இதற்கு நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்) வரையணும். 10-க்கும் 11-க்கும் நடுவில் இடைவெளி விடலாமா? கடைசிப் பிரிவு மட்டும் அகலமாக இருக்கிறதே, அதற்கும் உயரம் 8-தானா? எக்செல்லில் போட்டுப் பார்த்தால் எல்லாப் பட்டையும் ஒரே அகலத்தில் வருகிறது.

கட்டத்தாள்:
இடைவெளி விடக்கூடாது மேடம். இடைவெளி விட்டால் அது பட்டை வரைபடம். 1786-ல் பட்டை வரைபடத்தின் முன்னோடி வில்லியம் பிளேஃபேர் பட்டை போட்டது ஸ்காட்லாந்து எந்தெந்த நாட்டோடு எவ்வளவு வாணிபம் செய்தது என்று காட்ட. நாடுகள் தனித்தனி, அங்கே இடைவெளி பொருந்தும். மதிப்பெண் தொடர்ச்சியாகப் போவது.

இது உள்ளடக்கிய தொடர் (இரு முனை எண்ணும் அந்தப் பிரிவிலேயே சேரும்), முதலில் விலக்கிய தொடராக (ஒரு பிரிவு முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்கும், அந்த எண் அடுத்ததில் சேரும்) மாற்றுங்கள். 10-க்கும் 11-க்கும் வித்தியாசம் 1, அதில் பாதி 0.5. கீழ் எல்லையில் கழித்து, மேல் எல்லையில் கூட்டினால் 0.5–10.5, 10.5–20.5 என்று போய் 40.5–60.5-ல் முடியும்.

அளவுத்திட்டம்: கிடையச்சில் 2 செ.மீ. = 10 மதிப்பெண். அப்போதுதான் அந்த 0.5 சரியாக ஒரு சின்னக் கட்டத்தில் (1 மி.மீ.) விழும். 1 செ.மீ. = 10 என்று வைத்தால் அரை மில்லிமீட்டர், பென்சில் கோட்டிலேயே அது காணாமல் போய்விடும். குத்தச்சில் 1 செ.மீ. = 2 பேர்.

விடைத்தாள்_திருத்தி:
உயரம் 8 போட்டாலும் பல இடங்களில் மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம்.

கட்டத்தாள்:
சார், அது தப்பு. நிகழ்வுச் செவ்வகத்தில் ஆள் கணக்கைச் சொல்வது பரப்பு, உயரம் இல்லை. மேலே சொன்ன அளவில் முதல் பட்டை 2 × 2 = 4 ச.செ.மீ., அதாவது 4 பேர். அடுத்தவை 2 × 3.5 = 7, 2 × 6 = 12, 2 × 4.5 = 9. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு பிள்ளை. கடைசிப் பட்டை 4 செ.மீ. அகலம். 8 பேர் என்று 4 செ.மீ. உயரம் வைத்தால் 16 ச.செ.மீ., இருக்கிற 8 பேர் 16 பேராகத் தெரிவார்கள். 41-க்கு மேல் வாங்கியவர்கள்தான் வகுப்பிலேயே அதிகம் என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்வார்.

நிகழ்வெண்ணை (பிரிவில் உள்ளவர் எண்ணிக்கை) அகலத்தால் வகுத்து, மற்றப் பட்டைகளின் அகலமான 10-ஆல் பெருக்குங்கள்: 8 ÷ 20 × 10 = 4. தாளில் 2 செ.மீ. உயரம். பரப்பு 4 × 2 = 8, கணக்கு நேராகிவிட்டது. குத்தச்சில் ‘மாணவர் எண்ணிக்கை’ என்று மட்டும் எழுதாமல் ‘10 மதிப்பெண் அகலத்துக்கு மாணவர்’ என்று எழுதணும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

நிகழ்வுப் பலகோணமும் (பட்டைகளின் உச்சி நடுப்புள்ளிகளைக் கோட்டால் இணைப்பது) கேட்டிருந்தால் 41–60-ஐ 4, 4 என்று இரண்டு பட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். மையப்புள்ளிகள் 5.5, 15.5, 25.5, 35.5, 45.5, 55.5. இரு முனையையும் –4.5, 65.5-ல் அச்சோடு சேர்த்து மூடணும்.

இடைநிலை:
எல்லையை மாற்றாவிட்டால் படம் மட்டுமல்ல, கணக்கும் கெடும். இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பெண்) 20-ஆவது ஆளிடம். குவிவு நிகழ்வெண் (அந்தந்தப் பிரிவு வரை கூட்டிய எண்ணிக்கை) 4, 11, 23, ஆக 21–30 பிரிவு. 20.5 + (20 – 11) ÷ 12 × 10 = 28. எல்லையை 21 என்றும் அகலத்தை 9 என்றும் எடுத்தால் 27.75 வரும். கால் மதிப்பெண்தானே என்று தோன்றும், ஆனால் விடை தப்பு.

எக்செல் விஷயம்: அதன் ஹிஸ்டோகிராம் சம அகலத்தில்தான் பிரிக்கும். சாதாரணப் பட்டைப் படத்தில் இடைவெளியை 0% ஆக்கினாலும் பார்வைக்குத்தான் ஒட்டும், அகலம் மாறாது. இன்னொரு வம்பு: எக்செல் (10, 20] என்று பிரிப்பதால் 20 வாங்கியவர் 10–20-க்குள் போவார். பள்ளி விலக்கிய தொடரில் அவர் 20–30-க்குப் போகணும். 10.5, 20.5 என்று எல்லை வைத்தால் இந்தத் தகராறே வராது, முழு மதிப்பெண் யாரும் கோட்டின் மேல் உட்கார மாட்டார்கள். இந்தப் படத்தைக் கையால் வரைவதே சுலபம்.

எட்டாம்வகுப்பு_அம்மா:
ரொம்ப நன்றி. முதல் பிரிவை 1–10-க்குப் பதில் 0–10 என்று கொடுத்தால்?

கட்டத்தாள்:
அதில் 0 முதல் 10 வரை 11 மதிப்பெண் இருக்கு மேடம். எல்லை –0.5 முதல் 10.5, அகலம் 11. உயரம் 4 ÷ 11 × 10 = 3.64, தாளில் ஏறக்குறைய 1.8 செ.மீ. பட்டை குத்தச்சைத் தாண்டி இடது பக்கம் ஒரு சின்னக் கட்டம் நீளும், அதை அழித்துவிட வேண்டாம்.